கல்லுப்பட்டிக் குடிசையில் ஒரு சமாதான வீரர்

விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளி மலைக்கும் போடிமெட்டு மலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள் நம் கம்பம் பள்ளத்தாக்குத் தாய்மார்கள். முதுகொடியக் குனிந்து அவர்கள் பறிக்கும் காய் எங்கே போகிறது? போடியில் ஏலம் கூறப்படுகிறது. மூட்டையாகிறது. கடல் கடக்கிறது. அராபிய நாடுகளில் காப்பிக்கொட்டையோடு சேர்ந்து கொதிக்கிறது. விருந்தாளி வந்தால் ஏலக்காய் மணக்கும் காப்பி கொடுப்பது அந்த மக்களின் பண்பு. பாலஸ்தீனத்து வீடுகளிலும் அதே வழக்கம்தான்.

இன்று காஸாவில் அந்தக் காப்பியைக் காய்ச்சிய வீடுகளில் பெரும்பகுதி இடிந்து கிடக்கிறது.

கூட்டங்களில் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழும். நம் கூலிக்கே வழியில்லை, நம் தண்ணீருக்கே தகராறு, எங்கோ கிடக்கும் பாலஸ்தீனம் நமக்கு எதற்கு? கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உழைத்துக் களைத்தவன் கேட்கும் நியாயமான கேள்வி அது. பதில் சொல்லாமல் அவரை அதட்டி உட்கார வைப்பது நமக்கு அழகல்ல.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை, தோழர்களே! உசிலம்பட்டி தாண்டித் தெற்கே போனால் டி. கல்லுப்பட்டி. வானம் பார்த்த பூமி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சின்னக் குடிசையில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார் ஒரு பெரியவர். தேனியும் கம்பமும் கல்லுப்பட்டியும் அன்று ஒரே மதுரை ஜில்லா. தேனி தனி ஜில்லாவானது 1996ல்தான். ஆகவே அவர் நம் ஜில்லாக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

கோட்டும் சூட்டும் கழன்ற கதை

1892 ஜனவரி 4ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தகப்பனார் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். வசதிக்குக் குறைவில்லை. லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் சொந்தமாகத் தணிக்கைக் கம்பெனி நடத்தினார். வெள்ளைக்காரத் துரை உடுத்துவதையெல்லாம் அவரும் உடுத்தினார்.

பிறகு அமெரிக்கா போனார். 1928ல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே ஒரு சொற்பொழிவில், இந்தியா ஏன் ஏழையாகக் கிடக்கிறது என்று பேசினார். பத்திரிகையில் அது வந்தது. பார்த்த பேராசிரியர் செலிக்மன், இதையே ஆராய்ந்து எழுது என்றார். எழுத உட்கார்ந்தவருக்குக் கண் திறந்தது. கணக்குப் படித்தவரல்லவா! வரவையும் செலவையும் புரட்டப் புரட்ட, இந்திய ஏழையின் வரிப்பணம் வெள்ளை ஏகாதிபத்தியத்தின் ராணுவத்துக்கும் கடனுக்கும் உத்தியோகஸ்தர் சம்பளத்துக்கும் வடிந்து போவது பளிச்சென்று தெரிந்தது. வறுமை விதியல்ல, வரவு செலவுத் திட்டம் என்று கண்டார்.

கார்னீலியஸ் என்ற பெயரை விட்டார். பாட்டனாரின் பெயரான குமரப்பா என்பதை எடுத்துக்கொண்டார். எழுதிய ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருந்தார். சற்று நேரம் நின்று பார்த்த பிறகுதான் அவர்தான் காந்தி என்று குமரப்பாவுக்குத் தெரிந்தது. உயர்ந்த துணியில் தைத்த கால்சட்டையோடு அந்த மண் தரையிலேயே உட்கார்ந்தார். அன்று உட்கார்ந்தவர் பிறகு நாற்காலியைத் தேடி எழுந்ததே இல்லை!

கணக்கு என்றால் கணக்கு

காந்தியார் கொடுத்த முதல் வேலை, குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் கிராமங்களுக்குப் போய்க் குடியானவர்களின் வரவு செலவை எழுதி வருவது. வீடு வீடாகப் போனார். உழுகிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது, சர்க்கார் எவ்வளவு எடுக்கிறது என்பதைப் புள்ளியோடு எழுதினார். மேடையில் கத்துவதற்கு முன்னால் தெருவில் கணக்கெடு என்ற பாடத்தை நம் ஊழியர்கள் இவரிடம்தான் கற்க வேண்டும்.

உப்பு சத்தியாக்கிரகக் காலத்தில் காந்தியார் சிறைக்குப் போனதும் யங் இந்தியா பத்திரிகையை நடத்தும் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. எழுதினார், சிறை புகுந்தார். வெளியே வந்தார், மறுபடி எழுதினார், மறுபடி சிறை. போராட்டத்தை எதிர்த்து அறிக்கை விட்ட தம் சொந்தச் சபையின் பேராயரோடும் வாதாடினார். ஏழைத் தச்சன் மகனாக வாழ்ந்த ஏசுவின் பெயரால், எளியவர் பக்கம் நில்லுங்கள் என்று கிறிஸ்தவர்களை அழைத்தார்.

1934ல் பீகாரில் பூகம்பம். நிவாரண நிதிக்கு இவர் கணக்கர். ஊழியருக்குச் சாப்பாட்டுக்கு இத்தனை அணா என்று கட்டுத்திட்டம் செய்தார். காந்தியாரும் அவரோடு வந்தவர்களும் பாட்னா வந்தார்கள். அவர்களுடைய செலவு நிவாரண நிதியிலிருந்து வராது என்று கையை விரித்துவிட்டார் குமரப்பா. துன்பப்பட்டவனுக்கென்று வந்த காசு துன்பப்பட்டவனுக்கே. மகாத்மாவானாலும் விதி விதிதான். காந்தியார் கோபிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். நிதி திரட்டும் தோழர்கள் ஒவ்வொருவரும் மனதில் எழுதிக்கொள்ள வேண்டிய சம்பவம் இது.

ஒரு கோப்பை கோகோவின் கதை

அதே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் பிறந்தது. குமரப்பா அதன் காரியதரிசி. செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேன், வெல்லம் என்று சிறு தொழில்களுக்குச் சோதனைச் சாலை அமைத்தார். ஊழியர்களுக்குப் பள்ளி நடத்தினார். பத்திரிகை நடத்தினார். ஏன் இந்தக் கிராம இயக்கம் என்பதை விளக்கி ஒரு நூலும் எழுதினார்.

அந்த நூலில் வருகிறது கோகோவின் கதை. ஒருவன் கடையில் கோகோ வாங்குகிறான். காசு கொடுத்தான், பொருள் வாங்கினான், தீர்ந்தது என்று நினைக்கிறான். தீரவில்லை என்கிறார் குமரப்பா. அந்தக் கோகோ ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பில் விளைந்திருக்கலாம். பீரங்கிக் கப்பல் காவல் காக்கும் கடல்வழியில் வந்திருக்கலாம். சீமையில் அரைவயிற்றுக் கூலிக்குப் பக்குவப்பட்டிருக்கலாம். அரசியல் பலத்தால் திணிக்கப்பட்ட சுங்கச் சலுகையோடு இந்தியாவுக்குள் நுழைந்திருக்கலாம். அத்தனை பாவத்திலும் வாங்குகிறவனுக்குப் பங்கு உண்டு. பொருளின் விலையை மட்டும் பார்க்காதே, பொருளின் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்!

நம் ஏலக்காய்க்கும் இதுதான் அளவுகோல். நம் தாய்மாரின் முதுகுவலியை மறந்து அதை வாங்குவது எவ்வளவு தவறோ, பிறர் நாட்டைப் பறித்து அங்கே விளைவித்த பொருளை யோசிக்காமல் வாங்குவதும் அவ்வளவு தவறு. பின்வரிசையிலிருந்து எழுந்த கேள்விக்கு முதல் பதில் இங்கே கிடைக்கிறது. உலகச் சந்தை நம்மை எப்போதோ பாலஸ்தீனத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டது. நாம் கண்ணை மூடிக்கொண்டால் முடிச்சு அவிழ்ந்துவிடாது.

விளக்கெண்ணெயும் யுத்தமும்

வார்தா மகன்வாடியில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கொன்றை உருவாக்கினார்கள். மகன் தீபம் என்று பெயர். மண்ணெண்ணெய் இருக்க இது எதற்கு என்று படித்தவர்கள் சிரித்தார்கள்.

குமரப்பா சிரிக்கவில்லை. பொருளாதாரத்தில் இரண்டு வகை உண்டு என்றார். ஆண்டுதோறும் மழையால், வெயிலால், உழைப்பால் புதிதாக வருவது ஓடும் ஆறு போன்றது. பூமிக்குள் புதைந்து, எடுக்க எடுக்கக் குறைவது பெட்டியில் பூட்டிய பணம் போன்றது. பெட்டிப் பணத்துக்குத்தான் அடிதடி. பெட்ரோலையும் கனியத்தையும் நம்பி வாழும் நாகரிகம் யுத்தத்தை நம்பித்தான் வாழ வேண்டும் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. பாலஸ்தீனத்தையே பாருங்கள். 1917ல் பால்பர் அறிக்கை மூலம், தனக்குச் சொந்தமில்லாத அந்த நாட்டில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைப்பதாக வாக்களித்தது பிரிட்டன். பிறகு அந்நாட்டைத் தானே ஆண்டது. சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்து நிலம் அது. ஈராக்கின் கிர்குக் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து பாலஸ்தீனத்தின் ஹைபா துறைமுகத்துக்குக் குழாய் போட்டு 1935ல் எண்ணெய் ஓடவிட்டார்கள். 1936ல் பாலஸ்தீன அராபியர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மூன்று ஆண்டுகள் போராடினார்கள். அந்தக் குழாயையும் உடைத்தார்கள். பிரிட்டிஷ் துருப்புகள் அவர்களை அடக்கி ஒடுக்கின. நம்மை அடித்த தடிதான் அவர்களையும் அடித்தது.

1938 நவம்பரில் காந்தியார் ஹரிஜனில் எழுதினார். ஜெர்மனியில் யூதர்கள் படும் கொடுமைக்காக மனம் நொந்தார். ஆனால் அதற்குப் பரிகாரமாக அராபியர் மீது பிறரைத் திணிப்பது நியாயமல்ல, பாலஸ்தீனம் அராபியருடையது என்று தெளிவாகச் சொன்னார். 1947ல் இந்தியா அதே வழியில் நின்றது. நவம்பர் 29ந் தேதி ஐ.நா. சபையில் பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானம் வந்தபோது எதிர்த்து வாக்களித்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதைத் தொடர்ந்த போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர் வீடிழந்து அகதிகளானார்கள்.

சிறையில் கண்ட நாசரேத்தூர்த் தச்சன்

1942 வந்தது. யுத்தச் செலவுக்காக பிரிட்டிஷ் சர்க்கார் நோட்டுகளை அச்சடித்துத் தள்ளி, ஏழையின் தானியத்தைக் காகிதம் கொடுத்து வாங்கியது. ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைக் கொடுக்கிறார்கள் என்று எழுதினார் குமரப்பா. மறுபடி சிறை. இம்முறை ஜபல்பூர்.

சிறையில் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. பெத்லகேமில் பிறந்து நாசரேத்தில் வளர்ந்த பாலஸ்தீனத்து ஏழை உழைப்பாளியை அவர் அதில் கண்டார். பட்டாடை போர்த்திய பேராயர்களின் ஏசுவை அல்ல. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. காந்தியார் இரண்டையும் படித்து முன்னுரை தந்தார். கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று பட்டமும் சூட்டினார்.

அந்த இரண்டாம் நூலில் வாழ்க்கை முறைகளை ஐந்து படியாக அடுக்குகிறார். நம் ஊர்க் காட்சிகளை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். புல்லுருவி மரத்தின் ரத்தத்தைக் குடித்து மரத்தையே கொல்லும். அது கடைசிப் படி. தோப்பில் புகுந்த குரங்கு மரத்தைக் கொல்லாது, பழத்தைத் திருடும். அடுத்த படியில் விவசாயி, தான் உழுது விதைத்ததைத் தான் அறுக்கிறான். அதற்கும் மேலே தேனீ, தனக்கென்று அல்லாமல் கூட்டுக்கென்று உழைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தாய், கைம்மாறு கேளாமல் கொடுக்கிறாள். பிறர் நாட்டில் புகுந்து நிலத்தையும் தண்ணீரையும் பறிப்பவர்கள் எந்தப் படி என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

1967 முதல் ஜோர்டான் நதி மேற்குக் கரையில் பாலஸ்தீனிய விவசாயி, தன் நிலத்தில் புதிதாகக் கிணறு தோண்ட ஆக்கிரமிப்பு ராணுவத்திடம் அனுமதி பெற வேண்டும் என்றாகிவிட்டது. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் காணும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதன் வேதனையைப் பாடமெடுத்து விளக்க வேண்டியதில்லை.

நண்பர்கள் முகம் திருப்பியபோது

சுதந்திரம் வந்தது. பதவி தேடிப் பலர் டில்லிக்கு ஓடினார்கள். குமரப்பா, காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக ஊர் ஊராகச் சுற்றினார். 1949ல் அறிக்கை கொடுத்தார். இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுகிறவனுக்கே நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்றது அந்த அறிக்கை. அறிக்கை அலமாரிக்குப் போனது. அவர் கிராமத்துக்குப் போனார்.

ஹிரோஷிமாவின் புகை அடங்கவில்லை. கொரியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அணுகுண்டைத் தடை செய் என்று 1950ல் ஸ்டாக்ஹோமில் பிறந்த வேண்டுகோளுக்கு உலகமெங்கும் கோடிக்கணக்கான மக்கள் கையெழுத்திட்டார்கள். ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் டீக்கடையிலும் கையெழுத்து வாங்கிய சமாதான இயக்கம் அது. அந்த இயக்கத்தின் பக்கம் துணிந்து வந்து நின்றார் குமரப்பா. 1951ல் பண்டித சுந்தர்லால் தலைமையில் சென்ற நல்லெண்ணக் குழுவில் சீனா போனார். 1952ல் சோவியத் நாட்டுக்கும் போய் வந்தார். நிலம் பங்கிடப்பட்டதைக் கண்டார், கண்டதைக் கண்டபடி எழுதினார்.

காந்தியர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. சிவப்புக்காரர்களோடு சேர்ந்துவிட்டார் என்று முகம் திருப்பினார்கள். இருபதாண்டுத் தோழமை கசந்தது. அவர் கம்யூனிஸ்டும் அல்ல. வன்முறையை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. ராட்சத ஆலைகளே கதி என்ற கொள்கையையும் ஏற்கவில்லை. கையெழுத்து வாங்குவதோடு சமாதானம் வந்துவிடாது, யுத்தத்தை விளைவிக்கும் பொருளாதாரத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று சமாதான இயக்கத்தாரிடமும் சொன்னார். இரு பக்கமும் சிலருக்குக் கசப்பானவர். ஆனால் குண்டு போடுகிறவனை எதிர்த்து யார் கை நீட்டினாலும் அந்தக் கையைப் பிடிக்க அவர் தயங்கவில்லை. ஒன்றுபட வேண்டிய இடத்தில் ஒன்றுபடு, வேறுபடும் இடத்தில் மறைக்காமல் சொல். ஐக்கியம் என்றால் இதுதான், தோழர்களே!

குடிசையும் படமும்

உடல் தளர்ந்தது. ரத்த அழுத்தம் வாட்டியது. 1950களின் நடுவில் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அவர் குடிசையில் ஒரு படம் தொங்கியது. ஓர் ஏழைக் கிராமத்தானின் படம். வந்தவர்கள் யாரென்று கேட்டார்கள். காந்தி தம் எஜமானர் என்றும், இவர் காந்திக்கும் எஜமானர் என்றும் விளக்கம் சொன்னார் குமரப்பா.

அவர் அந்தக் குடிசையில் இருந்த காலத்திலேயே, 1956ல், சூயஸ் கால்வாயை எகிப்து தேசவுடைமை ஆக்கியதற்காக பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து படையெடுத்தன. காஸாவும் சில மாதம் இஸ்ரேலியப் படையின் பிடியில் சிக்கியது. எண்ணெய் போகும் வழிக்காக ஏழையின் ரத்தம் சிந்தும் என்ற கணக்கு இன்னொரு முறை சரியாகியது.

1960 ஜனவரி 30ந் தேதி குமரப்பா கண்மூடினார். காந்தியார் சுடப்பட்ட அதே தேதி. மணம் செய்துகொள்ளவில்லை, சொத்துச் சேர்க்கவில்லை. விட்டுப்போனது நூல்களும் ஓர் அளவுகோலும்தான்.

நாம் செய்ய வேண்டியது

பாலஸ்தீனத்துக்கென்று குமரப்பா தனி இயக்கம் நடத்தினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் விட்டுச்சென்ற அளவுகோலால் இன்றைய பாலஸ்தீனத்தை அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

2023 அக்டோபர் 7ந் தேதி ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், அதிகம் பேர் சாதாரண மக்கள். அதை நியாயப்படுத்த நமக்கு வாய் வராது. அதற்குப் பின் காஸா மீது நடத்தப்பட்ட யுத்தத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது அங்குள்ள சுகாதார இலாகாவின் கணக்கு. பெண்களும் பிஞ்சுக் குழந்தைகளும் அதில் ஏராளம். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். குண்டுச் சத்தம் குறைவதே சமாதானமாகிவிடாது. பறித்த நிலம் பறித்தபடியே இருக்கும்வரை அது யுத்தத்தின் இடைவேளைதான்.

நாம் என்ன செய்யலாம்? பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். படிப்பகச் சுவரில் ஒரு பாலஸ்தீன வரைபடம் மாட்டுவோம். 1917, 1947, 1967 என்று மூன்று வருஷங்களை எழுதி, அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று இளைஞர்களுக்குச் சொல்லுவோம். 1977 முதல் நவம்பர் 29ஐப் பாலஸ்தீன மக்களோடு ஒருமைப்பாட்டு நாளாக ஐ.நா. சபை வைத்திருக்கிறது. அன்று டீக்கடைப் பெஞ்சில் பத்துப் பேரோடு பேசினாலும் போதும். இது முஸ்லிம்கள் விவகாரம் என்று சொல்பவர்களிடம், ஏசு பிறந்த பெத்லகேமும் ஆக்கிரமிப்பில்தான் கிடக்கிறது என்று எடுத்துச் சொல்லுவோம். யூதர்களைப் பழிக்கும் பேச்சு வந்தால் அதையும் தடுப்போம். நம் பகை ஆக்கிரமிப்போடு, ஓர் இனத்தோடு அல்ல. பொருள் வாங்கும்போது அதன் முதுகுக்குப் பின்னால் பார்ப்போம். நிதி திரட்டினால் பாட்னாவில் குமரப்பா எழுதியது போலக் கணக்கு எழுதுவோம்.

பின்வரிசையில் அந்தத் தோழர் மறுபடி எழுந்து கேட்கட்டும். அவர் கேள்வியை நாம் மதிக்கிறோம். ஏலத்தோட்டத்தில் கூலியை வெட்டும் கையும் காஸாவில் நிலத்தைப் பறிக்கும் கையும் ஒரே பேராசையில் முளைத்த கைகள் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுவோம். நம்பாவிட்டால் கல்லுப்பட்டிக்கு அழைத்துப் போவோம். எஜமானர் யார் என்பதை அந்தக் குடிசையில் தொங்கிய படத்தின் கதை அவருக்குச் சொல்லும்.